விஸ்கஸ் டாம்பரைக் கட்டடத்தின் கணினி மொடலில் போடுவது: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி (உப்புவெளி): சேர், பெரிய பூமியதிர்ச்சி எதையும் நாங்கள் இங்கே கண்டதில்லை. டாம்பர் எங்களுக்கு எதற்கு?

பதில்: டாம்பர் என்பது கட்டடத்தின் ஆட்டத்தைத் தணிக்கும், எண்ணெய் நிரப்பிய கருவி. வீட்டுக்கு வேண்டாம் ஐயா. இலங்கை தட்டு எல்லையில் இல்லை. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் 9.1 அளவில் அதிர்ந்தபோதும் திருமலையை அழித்தது கடல்தான், ஆட்டம் அல்ல. அந்தக் காசை நல்ல கொங்கிரீட்டுக்குச் செலவழியுங்கள். ஆனால் நியூசிலாந்து, ஜப்பான் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும்.

கேள்வி (நிலாவெளி, மாணவி): உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: கடைக் கதவின் மேலே பூட்டியிருக்கும் டோர் குளோசரைப் பாருங்கள் தங்கச்சி. கதவு தானாக மூடும்போது மெதுவாகவே வரும். அவசரப்பட்டு அறைந்து சாத்தப் பார்த்தால் கையை எதிர்க்கும். உள்ளே எண்ணெய் சின்னத் துளை வழியாகப் போக வேண்டியிருப்பதுதான் காரணம். டாம்பரும் அப்படித்தான், வேகத்துக்கு எதிர்விசை தரும். வேகத்தை அல்பா என்ற அடுக்குக்கு உயர்த்தி, சீ என்ற மாறிலியால் பெருக்கினால் விசை. கட்டடங்களில் அல்பா பெரும்பாலும் 0.3 முதல் 1 வரை. 0.3 என்றால், வேகம் இரண்டு மடங்கானாலும் விசை 1.23 மடங்குதான். வேகம் எதிர்பாராமல் கூடினாலும் விசை கட்டுக்குள் நிற்கும், அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

கேள்வி (சீனக்குடா): சீ 300, அல்பா 0.3 கொடுத்தேன். டாம்பரில் 1660 கிலோநியூற்றன் வருகிறது. பிழை எங்கே?

பதில்: அலகில், தம்பி. உங்கள் 300 மீற்றர், செக்கன் கணக்கில் உள்ளது, மொடலோ மில்லிமீற்றரில் ஓடுகிறது. செக்கனுக்கு 0.3 மீற்றர் வேகத்தில் சரியான விசை ஏறக்குறைய 209தான். இங்கே ஆயிரத்தால் வகுத்தால் சரிவராது; ஆயிரத்தை 0.3 அடுக்குக்கு உயர்த்திய 7.94ஆல் வகுக்க வேண்டும். அப்போது சீ 37.8. அல்பா மாறினால் இந்த எண்ணும் மாறும். நான் கையில் எடுக்கும் எந்த மொடலிலும் முதலில் பார்ப்பது இதைத்தான். டாம்பரைத் தனியே எடுத்து, ஒரு முனையைப் பூட்டி, மறுமுனையைச் சைன் அலையில் ஆட்டுங்கள். அல்பா 1 என்றால் விசை–இடப்பெயர்ச்சி வரைபு நீள்வட்டமாக வரும், 0.3இல் மூலை உருண்ட செவ்வகம் போல. அது சரியாக வராமல் சட்டகத்துக்குள் போடவே வேண்டாம்.

கேள்வி (ஓர்ஸ் ஹில்): டாம்பர் போட்டும் மாடி அசைவு குறையவில்லை அண்ணா.

பதில்: டாம்பரைக் கட்டடச் சட்டகத்தோடு இணைக்கும் சாய்வு உறுப்பான பிரேஸ் மெல்லியதா? என் முதல் மொடலிலும் இதுதான் நடந்தது, இரண்டு கிழமை தேடினேன். டாம்பரும் பிரேஸும் தொடராக நிற்கின்றன, மக்ஸ்வெல் மொடல் என்பது அதுதான். பிரேஸ் இளகினால் அசைவை அதுவே வாங்கிவிடும், பிஸ்டன் அசையாது. ஈடாப்ஸ் மென்பொருளில் டாம்பரைக் குறிக்கும் லிங்க்கின் நொன்லீனியர் விறைப்பிலும், ஓப்பன்சீஸ் மென்பொருளில் விஸ்கஸ்டாம்பர் மெட்டீரியலின் விறைப்பிலும் பிரேஸையும் இணைப்பையும் சேர்த்த உண்மையான எண்ணைக் கொடுங்கள். பிரேஸைத் தனி உறுப்பாக ஏற்கெனவே வரைந்திருந்தால் அதை இங்கே மறுபடி சேர்க்காதீர்கள். ‘முடிவிலி’ மாதிரிப் பெரிய எண் போட்டால் கணக்கு ஒருங்காமல் திணறும்.

கேள்வி (அதே நபர்): மொடல் முழுவதற்கும் பொதுவாகக் கொடுக்கும் தணிப்பான ராலே டாம்பிங்கை எப்படிப் போடுவது?

பதில்: கட்டடத்தின் சொந்தத் தணிப்புக்கு மட்டும், 2 முதல் 5 வீதம். டாம்பர் உறுப்புக்கு அதைக் கொடுக்காதீர்கள், இரட்டைக் கணக்காகும்.

கேள்வி (நிலாவெளி): டாம்பர் விசை தூணுக்குச் சுமை கூட்டாதா?

பதில்: அல்பா 1இல், மாடி அதிகம் நகர்ந்த கணத்தில் வேகம் பூச்சியம், ஆகவே டாம்பர் விசையும் பூச்சியம். அல்பா 0.3இல் அப்படி நிம்மதியாக இருக்க முடியாது. அசைவு உச்சத்தை நெருங்கும்போதும் விசை பெரிதாகவே நிற்கும், தூணுக்கு அச்சு விசையாக இறங்கும். அடித்தளம் வரை பாருங்கள்.