மகன் கணினியில் பறக்கிறது, வாடிக்கையாளர் கையில் சுற்றுகிறது

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். தீபாவளிக்காக மகன் இணையத்தளம் செய்து கொடுத்தான். அவன் கணினியில் சட்டென்று திறக்கிறது. வாங்க வருகிறவர்களோ, "சுத்திக்கிட்டே இருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அக்கா. ஒரு தளத்தை ஒருமுறை திறந்தால், அதன் படங்களைக் கணினி தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும். தம்பி தினமும் பார்க்கிற பக்கம், பாதிக்கு மேல் அவருடைய கணினிக்குள்ளிருந்தே வருகிறது. புதிதாக வருபவருக்கு எல்லாமே இணையம் வழியாக வந்தாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய முகவரியைப் போன வெள்ளிக்கிழமை, பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வரும் ஃபெரியில் திறந்தேன். என் கைப்பேசிக்கு ஐந்து வயது. முதலில் வெள்ளைத் திரை. அப்புறம் ஒரு சேலையின் முந்தானை மட்டும் வரி வரியாக இறங்கியது. பச்சைப் பட்டின் விலையைப் பார்க்கலாமென்று தொட்டேன். அந்த நேரம் பார்த்து மேலே இன்னொரு படம் வந்து விழ, பக்கம் கீழே நகர்ந்து, விரல் வேறு சேலையில் பட்டது. திரும்பி வந்தால் மறுபடி வெள்ளைத் திரை. வாங்கும் ஆசையோடு வந்த எனக்கே சலித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தேன். 32 படங்கள், கைப்பேசியில் எடுத்தது எடுத்தபடி ஏறியிருக்கின்றன. ஒவ்வொன்றும் 4 எம்பி என்றால் மொத்தம் 128 எம்பி. டாப்-அப் போட்டு டேட்டா வாங்குகிறவருக்கு அது காசு. சேலையைப் பார்க்க வந்ததற்கே அவரிடம் பணம் பிடுங்குகிற மாதிரி ஆகிறது. எனக்கு மனசு பொறுக்காதது அதுதான்.

படத்தின் அகலம் 3024 புள்ளி (பிக்சல்). சாதாரணக் கைப்பேசித் திரையோ 1080-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்த அளவுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற, படத்தைச் சுருக்கி வைக்கும் வடிவில் சேமிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 200, 300 கேபிக்குள் அடங்கும். ஜரிகை துல்லியமாகத் தெரிய வேண்டுமே என்று நினைப்பீர்கள், நியாயம்தான். தொட்டால் மட்டும் பெரிய படம் வருகிற மாதிரி வைக்கலாம். கீழே உள்ள படங்கள், பார்ப்பவர் அங்கே நெருங்கும்போது வந்தால் போதும். ஒவ்வொரு படத்தின் நீள அகலத்தையும் முன்கூட்டியே நிரலில் எழுதிவிட்டால் இடம் ஒதுங்கிவிடும், பக்கம் குதிக்காது.

பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. 2018 ஜூலையிலிருந்து கைப்பேசித் தேடலிலும் வேகத்தைக் கணக்கில் எடுக்கிறது. ரொம்ப மெதுவான பக்கங்கள்தான் தேடல் பட்டியலில் கீழே போகும் என்று அப்போது சொன்னது.

தம்பியைத் திட்டாதீர்கள், படங்களை அழகாகவே எடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும், பழைய கைப்பேசி வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவரிடம் வைஃபை இல்லாமல் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனையாவது வினாடியில் விலை தெரிகிறது என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள். அப்புறம், அந்தப் பச்சைப் பட்டு இன்னும் விற்காமல் இருந்தால் எனக்கு எடுத்து வையுங்கள்.