உத்தரவாதம் முடிந்தபின் நின்றுபோன மின்சார மோட்டர் சைக்கிள்: செலவு யாருடையது?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். மண்டூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். குருமண்வெளித் துறையில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவை) நாளாந்தம் போய்வர, மட்டக்களப்பு நகரிலுள்ள முகவரிடம் 485,000 ரூபாய் கைக்காசு கொடுத்து ஒரு மின்சார மோட்டர் சைக்கிள் வாங்கினேன். மோட்டருக்கு இரண்டு வருட உத்தரவாதம். வாங்கி 20 மாதத்தில் பின்சில்லில் உறுமல் சத்தம் கேட்டது, இடைக்கிடை இழுவையும் விட்டுப்போனது. முகவரிடம் காட்டினேன். "பரிசோதிக்கப்பட்டது, பிழையில்லை" என்று ஜொப் காட்டில் எழுதித் திருப்பித் தந்தார்கள். 25 ஆம் மாதம் முற்றாக நின்றுவிட்டது. சென்சர் மாற்றியதாகச் சொல்லி 18,500 ரூபாய் வாங்கினார்கள். 11 நாளில் மறுபடியும் நின்றது. இப்போது உள்ளே தண்ணீர் போய்விட்டது, உத்தரவாதமும் முடிந்துவிட்டது, புது மோட்டரும் அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கொன்ட்ரோலரும் போட 172,000 ரூபாய் வேண்டும் என்கிறார்கள். கல்லடியில் ஒரு கராஜ்காரர் மோட்டரைத் திறந்து பார்க்கலாம் என்கிறார். திறக்கலாமா? சட்டப்படி எனக்கு ஏதும் வழியுண்டா?

பதில்: வழியுண்டு. ஆனால் மோட்டரை இன்றைக்குத் திறக்க வேண்டாம். வழக்கின் பாதி, பின்சில்லுக்குள் இருக்கும் அந்த மோட்டரின் மூடிக்குள் இருக்கிறது. முகவருக்கு அறிவிக்காமல் திறந்தால், உள்ளே எது தெரிந்தாலும் "வெளியாள் கைவைத்ததால் வந்தது" என்று சொல்லிவிடுவார்கள். அதை மறுக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

முதலில் உத்தரவாதத்தைப் பார்ப்போம். இரண்டு வருட அட்டை என்பது கொம்பனி தானாக முன்வந்து கொடுத்த வாக்குறுதி. அது முடிவதோடு சட்டம் தரும் பாதுகாப்பும் முடிந்துவிடுவதில்லை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, ஒரு வகைப் பொருளை வியாபாரமாக விற்பவர் விற்கும் பொருள் வணிகத் தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாத நிபந்தனை. என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குச் சொல்லி, அவருடைய அறிவை நம்பி வாங்கியிருந்தால், அந்தத் தேவைக்கும் அது உதவ வேண்டும். வாங்கும்போது பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்ற வாதமும் இங்கே எடுபடாது. சில்லுக்குள் மூடிக்கிடக்கும் மோட்டரின் கம்பிச் சுருளை எந்த வாடிக்கையாளரும் பார்த்து வாங்க முடியாது. அட்டையின் பின்பக்கத்தில் "இதற்கு மேல் எந்தப் பொறுப்பும் இல்லை" என்று அச்சிட்டிருந்தால், தன் சொந்தப் பாவனைக்கு வாங்கியவருக்கு எதிராக அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாதபடி 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. விற்ற நாளிலேயே குறை உள்ளுக்குள் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது. ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிய மோட்டர் 26 ஆம் மாதத்தில் திடீரென எரிந்திருந்தால், வழக்குச் செலவுக்கு வைத்த காசில் மோட்டரைத் திருத்துங்கள் என்றே சொல்லியிருப்பேன். உங்கள் நிலை அப்படியல்ல. 20 ஆம் மாத ஜொப் காட்தான் உங்கள் கையிலுள்ள மிகப் பெரிய ஆயுதம். உத்தரவாதம் உயிரோடு இருந்தபோதே அதே சில்லில், அதே குணம் காட்டிய குறையை நீங்கள் அறிவித்துவிட்டீர்கள். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டது அவர்களின் தவறு. ஆகவே உங்கள் கோரிக்கை உத்தரவாதக் காலத்துக்குள் எழுந்த கோரிக்கைதான். அந்த ஜொப் காட்டை இன்றே இரண்டு பிரதி எடுத்து, மூலத்தை வீட்டில் வையுங்கள். முகவர் கேட்டாலும் மூலத்தைக் கொடுக்க வேண்டாம்.

"தண்ணீர் போய்விட்டது" என்ற பதிலை அப்படியே ஏற்கவும் வேண்டாம். வாங்கும்போது தந்த துண்டுப்பிரசுரத்தைத் தேடிப் பாருங்கள். அதில் மோட்டருக்கு ஐபி67 என்று போட்டிருந்தால், 6 என்பது தூசு உட்புகாது, 7 என்பது ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பாதிக்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது என்று பொருள். ஐபி65 என்றால் பீறிடும் தண்ணீரைத் தாங்கும், மூழ்குவதைத் தாங்காது. 67 என்று எழுதி விற்றுவிட்டு மழைத் தண்ணீரைக் காரணம் காட்டினால், அது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்யும் பிழையான சித்திரிப்பு. மாரியில் வாவிக்கு மேற்கே படுவான்கரை வீதிகள் எப்படியிருக்கும் என்பது மட்டக்களப்பில் வாகனம் விற்பவருக்குத் தெரியாத செய்தியல்ல. பாதையில் ஏற்றித்தான் போவேன் என்று விற்பனையாளரிடம் சொல்லியிருந்தால், எப்போது, யார் முன்னால் சொன்னீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். ஆனால் வெள்ளத்தில் சில்லின் நடு அச்சு மூழ்கும் அளவுக்கு ஓட்டியிருந்தாலோ, பிரெஷர் பம்ப் பிடித்து அச்சுப் பக்கம் கழுவியிருந்தாலோ உங்கள் சட்டத்தரணியிடம் மறைக்க வேண்டாம். திறக்கும்போது அது தெரிந்துவிடும்.

திறக்காமலே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. கராஜ்காரரை வைத்து, முழுவதையும் வீடியோ எடுத்தபடி செய்யுங்கள். பற்றரி பிரேக்கரை அணைத்துப் பின்சில்லை நிலத்தில் முட்டாமல் தூக்கி நிறுத்தி, கையால் சுழற்றிப் பாருங்கள். பிறகு கொன்ட்ரோலருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களை, பெரும்பாலும் மஞ்சள், பச்சை, நீலம், கழற்றி நுனிகள் ஒன்றையொன்று முட்டாமல் பிரித்துவைத்து மறுபடியும் சுழற்றுங்கள். பூட்டியிருந்தபோது விக்கி விக்கி இறுக்கமாகச் சுற்றிய சில்லு இப்போது இலகுவாகச் சுற்றினால், பிழை கொன்ட்ரோலரின் மொஸ்ஃபெட்டில் (மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்), அது ஷோர்ட் ஆகியிருக்கிறது. மோட்டர் நன்றாகவே இருக்கலாம். கழற்றிய பிறகும் அதே இறுக்கம் என்றால் சுருளுக்குள்ளோ, அச்சு வழியாக வரும் கேபிளிலோ ஷோர்ட்.

அடுத்தது ஹோல் சென்சர், அதாவது சுழலும் காந்தம் எங்கே நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் சிறு பாகம். தடித்த வயர்கள் கழன்றபடியே இருக்க, சென்சர் பிளக்கை மட்டும் பூட்டி, பற்றரியையும் சாவியையும் போட்டு மீற்றரில் பாருங்கள். மெல்லிய சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் ஏறத்தாழ 5 வோல்ட் வர வேண்டும். சில்லை மிக மெதுவாகத் திருப்பும்போது மூன்று சமிக்ஞை வயர்களும் தனித்தனியே 0 க்கும் 5 க்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் அந்த சென்சர் செத்துவிட்டது. 18,500 ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்ன சென்சர்தான் அது என்பதால், இந்த ஓர் அளவீடு உங்களுக்கு மிகவும் முக்கியம். கடைசியாக, சாவியையும் பற்றரியையும் அணைத்துவிட்டு, மூன்று தடித்த வயர்களில் ஒவ்வொன்றுக்கும் சில்லின் உலோக உடலுக்கும் இடையே தடை பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது.

இதற்குப் பிறகுதான் திறப்பது. அதற்கு முன் முகவருக்கும், இறக்குமதி செய்த அல்லது பொருத்திய கொம்பனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போக வேண்டும். நீளம் வேண்டாம், இப்படி எழுதினால் போதும்: "மேற்படி வாகனத்தின் மோட்டரில் இருந்த குறையை உத்தரவாதக் காலத்தினுள் இன்ன திகதி இன்ன இலக்க ஜொப் காட் மூலம் அறிவித்தேன். அக்குறை திருத்தப்படவில்லை. இன்ன திகதி 18,500 ரூபாய் பெற்றுச் செய்த திருத்தமும் 11 நாளில் பயனற்றுப் போனது. 14 நாட்களுக்குள் மோட்டரைக் கட்டணமின்றித் திருத்தி அல்லது மாற்றித் தருமாறும், குறைக்கான காரணத்தையும் மாற்றிய பாகங்களின் விபரத்தையும் எழுத்தில் தருமாறும், கழற்றிய பழைய பாகங்களை ஒப்படைக்குமாறும் கோருகிறேன். தவறினால் இன்ன நாள், இன்ன இடத்தில் மோட்டர் திறந்து பரிசோதிக்கப்படும். உங்கள் பிரதிநிதியை அனுப்பலாம்." தபால் ரசீதைக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். வட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய குரல்பதிவையும் செய்தியையும் அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அவற்றைச் சான்றாக முன்வைக்கலாம். போனை விற்கவும் வேண்டாம்.

திறக்கும் நாளில் கராஜ்காரரோடு மின்னியல் படித்த ஒருவரும் நிற்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரி போதனாசிரியர் ஒருவர் போதும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு ஏற்பது அத்தகைய நிபுணரின் கருத்தைத்தான். அவர் பார்த்து எழுத வேண்டியது இது: மூன்று சுருளும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் அது சூடேறியதன் அடையாளம், அளவுக்கு மேல் பாரம் ஏற்றினார் என்று முகவர் சொல்வார். ஏற்றமே இல்லாத நம் மண்ணில், தனியாளாக ஓடிய வாகனத்துக்கு அந்த வாதம் பலவீனமானது. ஓரிடத்தில் மட்டும் சுருள் எரிந்து மற்றவை பளபளப்பாக இருந்தால், அந்த இடத்து இன்சுலேஷன் குறை, அதாவது தயாரிப்புக் குறை என்பதை நோக்கிக் கை காட்டும். இரும்புத் தகட்டிலும் காந்தத்திலும் துரு, மூடியின் அடியில் தண்ணீர் தேங்கிய கோடு என்றால் எந்த வழியால் வந்தது என்று பார்க்க வேண்டும்: கேபிள் நுழையும் துளையாலா, ஓரத்து சீலாலா? அச்சுக்கருகில் கேபிள் முறுகி அறுந்திருந்தால், அச்சு நட்டு தளர்ந்து அச்சே சுழன்றிருக்கிறது. கடைசியாகச் சில்லைக் கழற்றிப் பூட்டியவர் யார்? உங்கள் விடயத்தில் முகவரின் கராஜ். ஒவ்வொரு நட்டும் கழலும்போதே படம் எடுங்கள். காந்தம் விரலை நசுக்கும் பலமுள்ளது, ஆகவே புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் கழற்ற விடாதீர்கள்.

எங்கே முறையிடுவது? பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 13 ஆம் பிரிவின் கீழ் எழுதலாம். உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளை விற்றவர் நட்டஈடு தரவோ, மாற்றித் தரவோ, காசைத் திருப்பித் தரவோ அந்த அதிகாரசபை கட்டளையிடலாம். பலர் கோட்டை விடும் இடம் இங்கேதான்: விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வாகனத்தை வாங்கியதற்கு அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. ஆனால் 18,500 ரூபாய் பில்லில் விற்ற சென்சர் புது விற்பனை. அந்தப் பில் திகதியிலிருந்து மூன்று மாதம் உங்களுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்த வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்திலுள்ள கடமை. பில்லில் "சேவிஸ்" என்று மொத்தமாக எழுதியிருந்தால், பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்த பில்லை இப்போதே கேளுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் போன் அழைப்பு எழுத்து முறைப்பாடு ஆகாது.

முழு மோட்டருக்கான கோரிக்கை குடியியல் வழக்காகவே போக வேண்டும். அதற்கு முன் இணக்க சபை, அதாவது 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் மத்தியஸ்த சபை. உங்கள் தொகைக்கு அது கட்டாயம். அங்கே தீராவிட்டால் தரும் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் வழக்கை ஏற்கமாட்டார்கள். சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேச வேண்டும். ஜொப் காட்டையும் பில்லையும் மேசையில் வைத்தால் போதும். முகவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் பாதி விலைக்காவது இறங்கி வருவார்கள். கூலியை உங்களிடம் வாங்கிக்கொண்டு மோட்டரை மட்டும் இலவசமாகத் தர முன்வந்தால், புது மோட்டருக்குப் புது உத்தரவாதம் எழுதித் தரும் நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

கொம்பனியின் தலைமை அலுவலகம் கொழும்பில் என்பதால் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. ஒப்பந்தம் மட்டக்களப்பில் நடந்ததால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9 ஆம் பிரிவின்படி இங்கேயே வழக்கிடலாம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், எழுதாததற்கு மூன்று. உங்களிடம் இருப்பது வெறும் பில் என்றால் ஆறை நம்ப வேண்டாம். வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் என்றே கணக்கு வையுங்கள். ஏறத்தாழ பத்து மாதம் இருக்கிறது, இணக்க சபைக்குப் போகும் நாட்களையும் அதற்குள்ளேயே கணக்கு வையுங்கள்.

இதற்கிடையில் பாடசாலைக்குப் போக வேண்டுமே. நிபுணர் அறிக்கை கைக்கு வந்ததும் வாகனத்தைத் திருத்தலாம், வழக்கு முடியும்வரை நிறுத்திவைக்கத் தேவையில்லை. சென்சர் மட்டும்தான் பிழையென்றால், பழையதில் உள்ள அதே இலக்கத்தில் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். அந்தச் சிறு பாகங்களின் விலை மிகக் குறைவு, செலவு முழுவதும் கூலிதான். சென்சரின் எழுத்துள்ள முகம் பழையதைப் போலவே அமர வேண்டும், திரும்பியிருந்தால் மோட்டர் துடிக்குமே தவிர ஓடாது. பெயாரிங்கும் சீலும் அப்போதே மாற்றுங்கள். உறுமல் அங்கிருந்தும் வந்திருக்கலாம். சுருள் எரிந்திருந்தால் கொன்ட்ரோலரைச் சோதிக்காமல் புது மோட்டரைப் பூட்ட வேண்டாம். ஷோர்ட் ஆன கொன்ட்ரோலர் புதியதையும் எரித்துவிடலாம். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் திகதி எழுதி ஒரு பையிலிட்டு வைத்திருங்கள்.

முழு மோட்டரும் மாறினால் அதிலுள்ள இலக்கமும் மாறும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருப்பது பழைய இலக்கம். மோட்டர் வாகனத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிந்து, காப்புறுதிக் கொம்பனிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். புது மோட்டரின் சக்தி (எத்தனை வொட்ஸ் என்பது) பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.