தங்க ரேக்கும் யோர்தானின் இருட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கீழ்த்திசை ஞானிகள் விண்மீனைப் பின்தொடர்ந்து வந்து குழந்தை இயேசுவைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். நான் நாத்திகன். ஆனாலும் கேட்கிறேன். பெத்லகேம் விண்மீன் என்பது கி.மு. 7இல் வியாழனும் சனியும் நெருங்கி வந்த நிகழ்ச்சிதானே? செல்பேசிச் செயலியில் காலத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன், மீன ராசியில் இரண்டும் ஒட்டி நிற்கின்றன. இன்னொன்று, விழா ஜனவரி 6 என்கிறார்கள், இங்கே ஞாயிற்றுக்கிழமை கொண்டாடுகிறார்கள், எத்தியோப்பியாவில் 19. எது சரி? கடைசியாக, ஒரு நாத்திகனாகச் சொல்லிவிடுகிறேன். 'தெய்வீக ஒளி' வெறும் உருவகம். கிரேக்க, ரஷ்யத் திருச்சபைப் படங்களில் தங்கத்தைப் பூசி, பாமரர்களின் கண்ணைக் கூசவைத்து அதை நம்பச் செய்தார்கள்.

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் கடைசியாகச் சொன்னது கேள்வியே அல்ல. ஆனால் அதற்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாக அந்தத் தங்கத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விண்மீனை முதலில் முடித்துவிடுவோம். 1603 டிசம்பரில் இதே இரு கோள்களின் நெருக்கத்தைப் பார்த்த வானியலாளர் கெப்ளர்தான் பின்னோக்கிக் கணக்குப் போட்டு கி.மு. 7க்குப் போய்ச் சேர்ந்தார். கணக்கில் பிழை இல்லை. (வானியல் மென்பொருள் பலவற்றில் பூஜ்ஜிய ஆண்டு உண்டு. -6 என்று கொடுத்தால்தான் கி.மு. 7 வரும். உங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது.) அந்த ஆண்டு மும்முறை நெருங்கியும் இடைவெளி ஏறத்தாழ ஒரு டிகிரிக்குக் குறையவில்லை. முழுநிலவு இரண்டை அருகருகே வைத்த அகலம் அது. செயலியில் ஒட்டித் தெரிவது உங்கள் திரை சிறியது என்பதால். 2020 டிசம்பர் 21 மாலை இதே கோள்கள் பத்தில் ஒரு டிகிரிக்கு வந்தன, நாமெல்லாம் மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். எந்த ஞானியும் ஒட்டகம் ஏறவில்லை. மேலும், மத்தேயு நற்செய்தி சொல்லும் விண்மீன் முன்னே போகிறது, குழந்தை இருந்த இடத்துக்கு மேல் வந்து நிற்கிறது. எருசலேமிலிருந்து தெற்கே பெத்லகேமுக்கு இரண்டு மணி நேர நடை. அதற்குள் வானம் முப்பது டிகிரி சுழன்றுவிடும். பகலில் தெரிவதும், வேண்டும்போது மறைவதும், வடக்கிலிருந்து தெற்கே போவதும், இறங்கி வந்து இடத்தைக் காட்டுவதும் விண்மீன் செய்யும் வேலையா என்று நான்காம் நூற்றாண்டிலேயே அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு பிரசங்கித்துவிட்டார். அவருக்குச் செயலி தேவைப்படவில்லை.

தேதி: பழைய நாள் ஜனவரி 6. இந்தியாவில் இலத்தீன் முறைக் கத்தோலிக்கர்கள் 2க்கும் 8க்கும் இடையிலுள்ள ஞாயிற்றில் வைத்துக்கொள்கிறார்கள், வேலைநாளில் கோயிலுக்கு ஆள் வராது என்பதால். 19 என்பது பழைய நாட்காட்டியின் 13 நாள் வித்தியாசம். இதில் சரி, தவறு என்று ஒன்றுமில்லை.

இனி தங்கம்.

ஒளி வெறும் அடையாளம்தான் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள் அல்ல. இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற துறவி உங்களுக்கு முன்பே சொன்னார், அவர் நாத்திகரும் அல்ல. தாபோர் மலையில் இயேசு உருமாறியபோது சீடர்கள் கண்ட ஒளி படைக்கப்பட்ட ஒன்று, தோன்றி மறைந்த அடையாளம் என்பது அவர் கட்சி. கடவுளின் சாரத்தை யாரும் காண முடியாது, ஆனால் அவருடைய செயலாற்றலைக் காணலாம், அந்த ஒளி படைக்கப்படாத செயலாற்றல் என்பது கிரிகோரி பலமாஸ் என்ற கிரேக்கத் துறவியின் கட்சி. 1341இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் பலமாஸின் பக்கம் நின்றது. நீங்கள் பர்லாமோடு நிற்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் எதிரே நின்றவர்களைக் கண்கூசிய பாமரர்கள் என்று எழுதாதீர்கள். அவர்கள் உங்களைவிட அதிகம் படித்தவர்கள்.

படத்துக்கு வருகிறேன். நீங்கள் படத்தைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் புகார். கீழைத் திருச்சபைகளில் ஜனவரி 6 ஞானிகளின் நாள் அல்ல, இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்ற நாள். கிரேக்கர்கள் அதை 'ஒளிகள்' என்றே அழைத்தார்கள், நாசியான்சுஸ் கிரிகோரி என்ற ஆயர் 381இல் அந்தத் தலைப்பிலேயே உரையாற்றினார். சரி, ஒளிகளின் திருநாளுக்கு வரையும் படத்தில் நடுவில் என்ன இருக்கிறது? இருட்டு. இரு பாறைகளுக்கு நடுவே குகைவாய் போலக் கரிய நீலத்தில் ஆறு, அதற்குள் ஏறக்குறைய ஆடையின்றிக் கிறிஸ்து. இடக்கரையில் திருமுழுக்கு யோவான் குனிந்து தலைமேல் கை வைக்கிறார், அருகே செடியின் அடியில் ஒரு கோடரி சாய்ந்திருக்கும். வலக்கரையில் வானதூதர்கள், கைகளைத் துணியால் மூடியபடி. நீருக்குள், கிறிஸ்துவின் காலடியில், குடத்தோடு ஒரு குட்டிக் கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடப்பார்ப்பார். அவர்தான் யோர்தான், 'கடல் கண்டு ஓடியது, யோர்தான் பின்னோக்கிச் சென்றது' என்ற திருப்பாடலிலிருந்து வந்தவர். மேலே வானத்துக்கு ஓர் அரைவட்டம். அதிலிருந்து ஒரே கதிர் இறங்கும், நடுவே புறா. பல படங்களில் அந்த அரைவட்டமே உள்ளே போகப்போகக் கறுக்கும். கண்ணைக் கூசவைக்க நினைத்தவன் இப்படியா வரைவான்?

செய்முறை தெரிந்தால் இன்னும் விளங்கும். லிண்டன் என்ற மரத்தின் பலகை. பின்பக்கம் குறுக்கே இரண்டு ஆப்புச் சட்டங்கள், பலகை வளையாமலிருக்க. முன்பக்கம் வஜ்ஜிரப் பசையில் தோய்த்த லினன் துணி. ஒரு பங்கு வஜ்ஜிரத்துக்கு ஏறத்தாழ பத்துப் பங்கு தண்ணீர், இரவு முழுக்க ஊறவைத்து, கை பொறுக்கும் சூட்டில் உருக்கவேண்டும். கொதித்தால் பசையின் பிடிப்பு போயிற்று. அதில் சலித்த சீமைச்சுண்ணாம்புத் தூளைத் தூவி, மோர்ப் பதத்தில், எட்டிலிருந்து பன்னிரண்டு பூச்சு. பசை கூடினால் வெடிக்கும், குறைந்தால் விரலில் மாவாக ஒட்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி புகுந்து, காய்ந்தபின் ஊசித்துளைகளாகும். அந்தத் துளை ஒவ்வொன்றும் தங்கத்தில் காட்டிக்கொடுக்கும்.

மேலே செங்களிமண் மூன்று நான்கு பூச்சு, அதன்மேல் தங்க ரேக்கு. ரேக்கின் கனம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், கையால் தொட்டால் விரலில் கரைந்துவிடும். களிமண்மேல் வாயைத் திறந்து மூச்சை ஊதுவார்கள். அந்த ஈரத்தில் ரேக்கு பிடித்துக்கொள்ளும். பிறகு அகேட் என்ற வழவழப்பான கல்லால் தேய்க்கவேண்டும். ஈரம் மிஞ்சினால் கிழியும், உலர்ந்தால் கீறல் விழும்.

தங்கம் ஒட்டி முடித்த பிறகுதான் வண்ணம். முட்டையின் மஞ்சள் கருவை உள்ளங்கையில் உருட்டி வெள்ளையைப் போக்கி, சவ்வைக் குத்தி, சம அளவு தண்ணீரோ வெள்ளை ஒயினோ சேர்த்து நிறமியில் குழைப்பார்கள். கரு அதிகமானால் எண்ணெய்ப்பிசுக்கு, குறைந்தால் வண்ணம் உதிரும். முகத்துக்கு முதலில் இடுவது கரும்பச்சை கலந்த மண்ணிறம், முகம் முழுக்க. அதன்மேல் வெளிர் மஞ்சள்மண், கொஞ்சம் சுருங்கிய பரப்பில். அதன்மேல் இன்னும் வெளிர், இன்னும் சுருங்கி. கடைசியில் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் மயிரிழை வெள்ளைக் கோடுகள். நிழலைத் தனியாகத் தீட்டுவதே இல்லை. இருட்டிலிருந்து படிப்படியாக வெளிச்சம் ஏறுகிறது, அவ்வளவுதான். பொருள்களின் நிழல் தரையில் விழுவதுமில்லை, ஏனென்றால் வெளியே ஒரு விளக்கு இல்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் நகையிலும் கிரீடத்திலும் தங்கம் உட்காரும். இங்கே ஆள் அணிவதற்கல்ல, ஆள் நிற்கும் வெளியே தங்கம். ரஷ்யப் படக்காரர்கள் அந்தப் பின்புலத்தை 'வெளிச்சம்' என்றே சொல்வார்கள்.

அந்தக் கறுத்த ஆற்றுக்கும் ஒரு பழைய ஞாபகம் உண்டு. இயேசு நீரில் இறங்கியதும் யோர்தானில் நெருப்பு மூண்டது என்று இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார். இத்தாலியின் வெர்செல்லி நகரிலுள்ள பழைய இலத்தீன் நற்செய்திச் சுவடி, தண்ணீரிலிருந்து பேரொளி சூழ்ந்ததாக ஒரு வரியைக் கூட்டிச் சொல்கிறது. அவர்கள் ஒளியைத் தேடியது வானத்தில் அல்ல, ஆற்றுக்குள். நீங்கள் இன்னும் மீன ராசியைத் துழாவிக்கொண்டிருக்கிறீர்கள்.

தங்கம் விலையுயர்ந்த ஏமாற்று என்றே இன்னமும் தோன்றினால், கேரளத்துக்குப் போங்கள். இரிஞ்ஞாலக்குடாவில் இதே திருநாள் 'பிண்டிப் பெருநாள்'. வாசலில் வாழைத்தண்டை நட்டு அதில் விளக்குகளை ஏற்றுகிறார்கள். அதில் ஒரு குன்றிமணித் தங்கமும் இல்லை. விழா நடந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, நாத்திகராக இருந்தும் செயலியை உருட்டிப் பார்த்தது. அந்த ஆர்வத்தை விடாதீர்கள். 'நாத்திகன்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஒன்று போதும். கிரேக்கத்தில் ஹோசியோஸ் லூக்காஸ் மடத்தின் பதினோராம் நூற்றாண்டுத் திருமுழுக்கு மொசைக்கைத் தேடிப் பாருங்கள். கண்ணாடிக்கு நடுவே ரேக்கு வைத்த சிறு சில்லுகள், குழிந்த மூலைவளைவில் பதித்தவை. யோவானும் தூதர்களும் அந்தக் குழிவின் இரு பக்கமும் நின்று, நடுவிலுள்ள வெறும் காற்றைத் தாண்டி ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களைத் தள்ளிவிடுங்கள், அவற்றில் அது மஞ்சள் பெயின்ட் அடித்த சுவர். ஜன்னல் வெளிச்சத்தில், சற்றுப் பக்கவாட்டிலிருந்து எடுத்தது கிடைத்தால் பாருங்கள். பாதிச் சில்லுகள் கறுத்தும் பாதி எரிந்தும் இருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.