நுனி சிறுத்துவிட்டதா, உள்வாங்கிவிட்டதா?

கேள்வி: மின்வேதி வருடு நுண்ணோக்கியில் (நுண்ணிய மின்முனையைப் பரப்பின் மேல் நகர்த்தி, அதன் மின்னோட்டத்தைக் கொண்டு படம் எடுக்கும் கருவி) படம் எடுக்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 100 நானோமீட்டர் ஆரம் காட்டிய பிளாட்டினம் நுனி, 1 மில்லிமோலார் ஃபெரோசீன் மெத்தனால் (நுனியில் எலக்ட்ரானை இழந்து மின்னோட்டம் தரும் மூலக்கூறு) கரைசலில் 13 பிகோஆம்பியர் மட்டுமே தருகிறது. தங்கப் படலத்தை நெருங்கினால் 23 பிகோஆம்பியருக்கு மேல் ஏறுவதில்லை. வோல்டாமோகிராம் (மின்னழுத்தத்தை மாற்றும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) நன்றாக இருப்பதால், ஆரம் 44 நானோமீட்டராகச் சிறுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்; ஆனால் படம் மங்கலாகவே வருகிறது. இன்னும் சிறிய நுனி வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பழுது நுனியின் அளவில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

100 நானோமீட்டர் ஆரமுள்ள தட்டை வட்டு இந்தக் கரைசலில் ஏறத்தாழ 30 பிகோஆம்பியர் தர வேண்டும். மின்னோட்டம் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் என்ற அந்தச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுத்தான் 44 என்ற எண்ணைப் பெற்றிருக்கிறீர்கள். பிளாட்டினமும் அதைச் சூழ்ந்த கண்ணாடியும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் செல்லும். பிளாட்டினம் கண்ணாடிக்குள் 100 நானோமீட்டர் ஆழம் உள்வாங்கியிருந்தால், மூலக்கூறுகள் அந்தக் குழியைக் கடந்தே வர வேண்டியிருப்பதால், ஆரம் சிறிதும் குறையாத அதே வட்டு 13 பிகோஆம்பியர்தான் தரும். வோல்டாமோகிராம் இரண்டு நிலையிலும் ஒரே S வடிவத்தில் இருக்கும் என்பதால், அதை மட்டும் நம்பி ஆரத்தை முடிவு செய்யக் கூடாது.

தீர்ப்பைச் சொல்வது தங்கத்தின் மேல் எடுத்த அணுகு வளைவுதான், அதாவது நுனி நெருங்க நெருங்க மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம். நுனியில் எலக்ட்ரானை இழந்த மூலக்கூறுகளைத் தங்கம் பழைய நிலைக்கு மீட்டுத் தருவதால், நெருங்கும்போது மின்னோட்டம் ஏறும். தட்டையான நுனி, தன் ஆரத்தில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவுக்கு நெருங்கும்போது மின்னோட்டம் நான்கு மடங்கைத் தாண்டும். உங்களுடையது இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. கண்ணாடி விளிம்பு தங்கத்தைத் தொட்ட பிறகும் பிளாட்டினம் 100 நானோமீட்டர் மேலேயே நிற்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், உச்ச அளவு சுமார் 23 பிகோஆம்பியர் என்றே வருகிறது. நுனி சாய்ந்திருந்து கண்ணாடி முதலில் தட்டினாலும் ஏற்றம் இப்படி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சாய்வு, பரப்புக்கு வெகு தொலைவில் உள்ள மின்னோட்டத்தைக் குறைக்காது. உங்களுக்கு அதுவும் குறைந்திருக்கிறது.

1989இல் மின்வேதியியலாளர் ஆலன் பார்டின் டெக்சாஸ் குழு இந்த நுண்ணோக்கி முறையை நிலைநிறுத்தியபோது பயன்பட்ட மைக்ரோமீட்டர் அளவு முனைகளுக்கு இந்தச் சேதம் பெரிதாகத் தெரிந்திராது. நானோ நுனிகளுக்கோ விரலிலிருந்து பாயும் நிலைமின்னே போதும். பொட்டென்ஷியோஸ்டாட்டில் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மின்வேதிக் கலத்தை இணைத்துத் துண்டிக்கும் நொடியிலும் உலோகம் அரிக்கப்படலாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அமேமியா குழு 2013இல் இவ்விரண்டு காரணங்களையும் விளக்கியது. ஆகவே நுனியை எடுக்கும் முன்பே புவியிணைப்புள்ள மணிக்கட்டுப் பட்டையை அணியுங்கள், அறைக்காற்று வறண்டுபோக விடாதீர்கள், இணைப்புகளை மாற்றும்போதெல்லாம் நுனியைப் புவியிணைப்பிலேயே வைத்திருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னும் பின்னும் தங்கத்தின் மேல் ஓர் அணுகு வளைவு எடுப்பதைச் சலிப்பாக நினைக்காதீர்கள். படம் எடுக்கும்போது நுனி கெட்டதா என்பதை அறிய அதைவிட எளிய வழி இல்லை.

கையிலுள்ள நுனியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. குவித்த அயனிக் கற்றையால் முகப்பைச் சீவினால் கண்ணாடியும் பிளாட்டினமும் மீண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். அதன் பிறகும் படம் மங்கினால் வெப்பநிலையைக் கவனியுங்கள்: 10 மில்லிமீட்டர் நீள எஃகுத் தாங்கி 0.1 டிகிரி செல்சியஸ் மாற்றத்துக்கே சுமார் 12 நானோமீட்டர் நீளும். கருவியின் மூடியைச் சாத்தி, வெப்பநிலை அடங்கிய பிறகே படத்தைத் தொடங்குங்கள்.