முத்திரைத்தாளில் கையெழுத்திட்ட பிறகு இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: புளியரையைச் சேர்ந்த நான் கேரளத்தின் பெரும்பாவூரில் ஒரு பிளைவுட் கம்பெனியில் காண்ட்ராக்டர் மூலம் ஓரம் வெட்டும் ரம்ப மெஷின் ஓட்டினேன். சம்பளம் மாதம் 18,000 ரூபாய். 2024 டிசம்பரில், என் 30 வயதில், வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு துண்டாகிவிட்டன. காண்ட்ராக்டர் 25,000 ரூபாய் கொடுத்து, மலையாளத்தில் எழுதிய முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார். ரம்பத்தின் காப்பு மூடியை நானே கழற்றியதாக அதில் இருக்கிறதாம். இனி ஏதாவது கேட்க முடியுமா?

பதில்: கேட்க முடியும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி செல்லாது. இருதரப்பும் உண்மையாகவே ஒத்துப்போயிருந்தாலும் அந்த ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதியாவிட்டால் முழுத் தொகைக்கும் முதலாளியே பொறுப்பு. ஆணையர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கொடுத்த 25,000 ரூபாயில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது என்றாலும், உங்கள் விபத்து அதற்கு முந்தியது என்பதால் பழைய கணக்கே பொருந்தும்.

கணக்கு இதுதான். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை 30 வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கி, ஒரே கையில் இரு விரல் இழப்புக்கு அட்டவணை தரும் 20 விழுக்காட்டை எடுத்தால் 3,74,364 ரூபாய் வரும். மருத்துவச் செலவும் தாமதத்துக்கு 12 விழுக்காடு வட்டியும் தனி. காண்ட்ராக்டர் ஆள் என்று சொல்லிக் கம்பெனி ஒதுங்க முடியாது. ஆனால் கம்பெனி ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு உட்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். உட்பட்டதென்றால் மனு அங்கேதான் போக வேண்டும், பணமும் மாதாமாதம் வரும்.

காப்பு மூடி விஷயம்தான் உண்மையில் கவனிக்க வேண்டியது. மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால், மூடியைத் தொழிலாளியே கழற்றியதால் இழப்பீடு இல்லை என்ற வாதம் எடுபடாது. விரல் இழப்பு பகுதி ஊனம் என்பதால் எதிர்த்தரப்பு இதை எடுக்கலாம். ஆனால் மூடி இருந்தது, அது பாதுகாப்புக்கு என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்தே வேண்டுமென்று கழற்றினீர்கள் என்ற மூன்றையும் அவர்களே நிரூபிக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு போதாது. தடித்த பலகை வரும்போது மூடி இடிக்கிறது, பிசின் ஒட்டிய தூள் அடைத்து ரம்பம் திணறுகிறது என்று சூப்பர்வைசரே ஸ்பானரை எடுத்துக் கழற்றச் சொல்வது மில்களில் அன்றாடம் நடப்பது. அப்படிக் கழற்றியது உங்கள் விருப்பமாகாது. மூடி விபத்துக்கு எத்தனை நாள் முன்பிருந்தே இல்லை, யார் சொல்லிக் கழற்றினார்கள், அந்த மெஷினில் வேறு யார் நின்றார்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். பழைய செல்போன் படத்தில் மெஷின் மூடியில்லாமல் தெரிந்தால் அதை அழித்துவிடாதீர்கள். முத்திரைத்தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து என்பதும் உங்களுக்குச் சாதகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லையோரத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே கேஸ் பிடிக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். வெற்றுத் தாளிலும் வக்காலத்திலும் கையெழுத்து வாங்கி, வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்பார்கள். காண்ட்ராக்டரோடும் அவர்கள்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களை நம்ப வேண்டாம். மனு எழுதத் தெரியாதவர் கேட்டால், ஆணையர் அலுவலகமே எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் 'விபத்து கேரளத்தில் நடந்தது, அங்கே போய்க் கேளுங்கள்' என்று அனுப்பிவிடுவதுதான் எங்கள் ஊர்ப் பக்கம் வழக்கம். அந்தப் பதிலை ஏற்காதீர்கள். நீங்கள் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனு செய்யலாம். கேரள ஆணையருக்கு அறிவிப்பு அனுப்புவது அவர்கள் வேலை. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள், அதாவது 2026 டிசம்பரில் அந்தத் தேதி வருவதற்குள், மனு போய்ச் சேர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு, ஊனச் சான்று, வங்கியில் சம்பளம் ஏறிய பக்கம், காண்ட்ராக்டர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.