முதல் பி.சி.டி. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஸ்கூபா டைவிங்கின் முதல்கட்டப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் இப்போதுதான் முடித்திருக்கிறீர்கள், வாடகை பி.சி.டி. (சிலிண்டரை முதுகில் தாங்கி, காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்) தோளை அறுக்கிறது, விலாவை நெருக்குகிறது, சொந்தமாக ஒன்று வாங்கினால் எது உடம்புக்கு இதமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

படித்ததும் புதுச்சேரியில் நான் கற்றுக்கொண்ட நாட்கள் ஞாபகம் வந்தன. என் உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 47 கிலோ. படகிலிருந்து தண்ணீரில் விழுந்ததும், மற்றவர்கள் இறங்கும்வரை அலையில் மிதந்து காத்திருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டின் பட்டைகளைக் கடைசிவரை இழுத்தும் தொளதொளவென்றுதான் இருந்தது. காற்று ஏற்றினால் நான் உயரமாட்டேன், ஜாக்கெட் மட்டும் மேலே ஏறி காதுப் பக்கம் வந்து நிற்கும். அதைக் கீழே இழுத்துப் பிடித்தபடியேதான் பயிற்றுநர் சொல்வதைக் கேட்பேன். ஆழத்துக்குப் போனால் சிலிண்டர் முதுகில் இடமும் வலமுமாகச் சரியும். நாலு டைவிலும் இதே கதை. எனக்குத்தான் சமநிலை வரவில்லை என்று நம்பிவிட்டேன்.

அடுத்த டைவ் அந்தமானில், ஹேவ்லாக்கில். அங்கே பெண்களுக்கென்று தைத்த, ஆகச் சிறிய அளவு ஒன்றைக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதுகில் சிலிண்டர் இருப்பதே மறந்துபோனது. அதே ஆள், அதே பயிற்சி. மாறியது ஜாக்கெட் மட்டும்தான். அதனால் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: கம்பெனி, நிறம், பை, பஞ்சு எல்லாவற்றையும் அப்புறம் பாருங்கள். முதலில் அளவு. முழுக்கக் காற்று ஏற்றியபோதும் மூச்சுவிட இடம் இருக்க வேண்டும், காற்றே இல்லாதபோதும் சிலிண்டர் அசையக் கூடாது. இந்த இரண்டும் ஒரே ஜாக்கெட்டில் அமைந்தால் அதுதான் உங்களுடையது.

கடையில் வெறும் ஜாக்கெட்டை மாட்டிக் கண்ணாடி முன் நின்றால் இது தெரியாது. நீங்கள் டைவுக்குப் போடும் வெட்சூட்டையோ (உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) ரேஷ் கார்டையோ (உடம்போடு ஒட்டிய மெல்லிய சட்டை) போட்டுக்கொண்டு போங்கள். ஜாக்கெட்டை மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, அழுத்த வால்வு தானாகத் திறந்து காற்றை வெளியே விடும்வரை ஊதச் சொல்லுங்கள். அந்த நிலையில் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். விலாவை நெருக்கினால் அந்த அளவு, அல்லது அந்த வடிவம், உங்களுக்கு ஒத்துவராது. அப்புறம் காற்றை எல்லாம் விட்டுவிட்டு, ஒரு சிலிண்டரைப் பொருத்தி, பின்னால் இருந்து ஒருவரை அதைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். உங்கள் உடம்பும் கூடவே எழ வேண்டும். ஜாக்கெட் மட்டும் தோளைவிட்டு நாலு விரல் எழும்பினால் அது பெரிது. கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு ஊதும் பொத்தான், காற்றை வெளியேற்றும் பொத்தான், தோளில் உள்ள வால்வின் கயிறு, இடுப்புக்குப் பின்னால் உள்ள வால்வின் கயிறு என ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். தேடாமல் கைக்கு வர வேண்டும்.

வயிற்றைச் சுற்றி வரும் அகலமான பட்டை உங்களுக்கு முக்கியம். அது இடுப்பெலும்புக்குச் சற்று மேலே உட்கார வேண்டும், வயிற்றின் நடுவில் அல்ல. என்னைப் போல் உடல் நீளம் குறைந்தவர்களுக்குப் பொதுவான ஜாக்கெட்டில் இதுதான் முதலில் தவறும். நீளம் கூடினால் சிலிண்டர் பின்பக்கத்தில் இடிக்கும், தோள் பட்டை கழுத்தை நோக்கி நழுவும். பெண்களுக்கான மாடல்களில் முதுகு நீளம் குறைவு, தோள் பட்டை மார்பைச் சுற்றி வளைந்து போகும். ஒல்லியான, குள்ளமான ஆண்களுக்கும் அது நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பெயரை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

வடிவத்துக்கு வருவோம். நீங்கள் கோர்ஸில் போட்டது அநேகமாக ஜாக்கெட் வகை, காற்றுப் பை விலாப்பக்கத்தையும் சுற்றி வரும். மேலே மிதக்கும்போது தொட்டிலில் உட்கார்ந்த மாதிரி நிமிர்த்தி வைக்கும், ஆனால் முழுக்க ஊதினால் விலாவை அழுத்தும். இன்னொன்றில் காற்று எல்லாம் முதுகுப் பக்கமே இருக்கும். முன்பக்கம் காலியாக இருப்பதால் நெருக்கம் இல்லை, ஆழத்தில் உடம்பு கிடைமட்டமாக நிற்பதும் எளிது. மேற்பரப்பில் அளவுக்கு மேல் ஊதிவிட்டால் மட்டும் முகத்தை முன்னால் தள்ளும். சாய்வு நாற்காலியில் சாய்வதுபோலப் பின்னால் சாய்ந்து, தலை தண்ணீருக்கு மேலே நிற்கும் அளவுக்கு மட்டும் காற்று ஏற்றினால் அது சரியாகிவிடும். தண்ணீரில் அமிழ்வதற்காகக் கட்டும் ஈய எடையில் ஒரு பகுதியைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றினாலும் உதவும். நான் இந்த வகையைத்தான் வாங்கினேன். உங்கள் விலாப் பிரச்சினைக்கும் இதைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். உலோகத் தகடும் தனி விங்கும் (முதுகுப்பக்கக் காற்றுப் பை) சேர்ந்த அமைப்பைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பட்டையை உங்கள் உடம்புக்கென்றே வெட்டிப் பொருத்தலாம், ஆயுளும் அதிகம். ஆனால் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சரிசெய்து தர வேண்டும்.

சரி, வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பல நேரம் குற்றம் ஜாக்கெட்டில் இல்லை, ஈயத்தில்தான். நாம் வழக்கமாகப் போடும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் (அழுத்தத்தின் அலகு) காற்று அடைத்தால் அந்தக் காற்றின் எடை மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். ஆகவே சரியான ஈயத்தோடு இறங்கினால், ஆரம்பத்தில் ஜாக்கெட் அந்த இரண்டரைக் கிலோவையும், வெட்சூட் ஆழத்தில் சுருங்கி இழக்கும் மிதப்பையும் ஈடுகட்டினால் போதும். ஒரு கிலோவைத் தாங்க ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று. பயிற்சியில் பயத்துக்காகக் கூடுதலாக 3 கிலோ ஈயம் கட்டிவிட்டால், பைக்குள் எப்போதும் 3 லிட்டர் காற்று கூடுதலாக நிற்கும். அதுதான் விலாவில் வந்து நெருக்குகிறது. போதாததற்கு 10 மீட்டர் ஆழத்தில் இருந்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகப் பெருகும், எனவே காற்று எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தடுமாற்றமும் கூடும். சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, ஜாக்கெட்டைக் காலியாக்கி, சாதாரண மூச்சைப் பிடித்துக்கொண்டு மேற்பரப்பில் அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நான் இப்படிச் செய்து பார்த்ததில் 2 கிலோ குறைந்தது.

இதனாலேயே நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலுக்குப் பெரிய தூக்குத் திறன் தேவைப்படாது. மெல்லிய வெட்சூட்டும் ஒற்றை அலுமினிய சிலிண்டரும் என்றால் 10 முதல் 14 கிலோ தாராளம். சிலவற்றில் நியூட்டன் கணக்கில் எழுதியிருக்கும். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. குளிர்க்கடலுக்கான பெரிய பையை வாங்கினால் கனமும் இழுவையும்தான் மிச்சம். அந்தமான் விமானத்தில் 15 கிலோவுக்குள் எல்லாவற்றையும் அடக்கப் பார்க்கும்போது பயணத்துக்கென்று செய்த லேசான மாடலின் அருமை தெரியும்.

ஈயத்தை இடுப்பு பெல்ட்டில் கட்டுவதா, ஜாக்கெட் பைகளில் வைப்பதா? என் இடுப்பில் பெல்ட் நிற்காது, அதனால் பைகள்தான். ஒரே இழுப்பில் கழற்றி எறிய முடிகிறதா என்று நீச்சல் குளத்தில் பழகிவிடுங்கள். எந்த வகையானாலும் இது உயிர்காப்பு ஜாக்கெட் அல்ல. மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பிப் பிடிக்கும் என்று நம்பக் கூடாது.

உடனே வாங்க முடியாவிட்டால் இன்னும் நாலைந்து டைவ் வாடகையிலேயே போங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு அளவு, வேறு வகை கேட்டு வாங்குங்கள். உங்கள் உயரத்தையும் எடையையும் முந்தின நாளே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், நான் கூச்சப்பட்டு நாலு டைவை வீணாக்கினேன்.

பழையது கிடைத்தால் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். முழுக்க ஊதி ஓர் இரவு வைத்துவிடுங்கள், காலையிலும் இறுக்கமாகவே இருக்க வேண்டும். பிறகு தலைகீழாகப் பிடித்து குழாய் வழியாகக் காற்றை வெளியேற்றுங்கள். உப்புத் துகள் கொட்டினால், முந்தையவர் உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசவே இல்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். ஊதும் பொத்தானைப் பத்து முறை அழுத்தி எடுங்கள். ஒருமுறை சிக்கிக்கொண்டாலும் சர்வீஸ் செய்யாமல் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.