எட்டு முதல் பதின்மூன்று வயதுக்கு என்ன நாவல் கொடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு என்ன நாவல் வாங்கிக் கொடுக்கலாம், கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். நெல்லைப் பக்கமிருந்து நிறையவே கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் இடமில்லை, முக்கியமான ஆறு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு, ஆங்கிலவழிப் பள்ளி. தமிழ் வாய் ஓயாமல் பேசுவாள், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். இவளுக்கு நாவலெல்லாம் ஆகுமா? – ஒரு தாய், பத்தமடை

ஆகும்மா, தாராளமாக ஆகும். எழுத்துக்கூட்டுகிற பிள்ளைதானே என்று பத்து வயதுக்காரியிடம் போய் காக்கா நரி கதையை நீட்டுகிறோம், அவள் ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறாள், உடனே இவளுக்குப் படிக்கவே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உங்கள் மகளுக்குக் கண் இரண்டாம் வகுப்பில் நிற்கலாம், ஆனால் காது ஏழாம் வகுப்பைத் தாண்டிப் போயிருக்கும். வீட்டில் ஆச்சியும் நீங்களும் பேசிக்கொள்ளும்போது யாருக்கு யார் என்ன முறை, எந்த வயலில் என்ன தகராறு, எந்தக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போனார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, ஒன்று விடாமல் நினைவில் வைத்திருக்கிற பிள்ளைதானே அவள்? அது எந்த நாவலுக்கும் குறைந்ததில்லை.

அதனால் காதிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசியுங்கள். மூன்றாவதில் கதை சூடு பிடிக்கிற இடத்தில் புத்தகத்தை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, "அடுப்படியில் வேலை கிடக்கு, நீ வாசி, நான் கேட்டுக்கிட்டே செய்யறேன்" என்று எழுந்துவிடுங்கள். திக்கித் திணறித்தான் வாசிப்பாள், அப்போது ழகரம் ளகரம் என்று ஒவ்வொன்றாகத் திருத்தப் போகாதீர்கள். அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் எழுத்து தானாகக் கைவசமாகும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. வீரவநல்லூரில் எங்கள் பெரியப்பா தறி நெய்கிறவர். மத்தியானம் தறி ஓய்ந்த நேரத்தில் வாரப் பத்திரிகையின் தொடர்கதையை எடுத்துவைத்து வீட்டுப் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவார், நாங்கள் தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டே கேட்போம். பாதி அத்தியாயத்தில் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வருவதற்குள் மீதியைத் தெரிந்துகொண்டாக வேண்டும் என்ற தவிப்பில்தான் நான் முதன்முதலாக ஒரு முழுப் பக்கத்தை விடாமல் படித்தேன்.

முதல் புத்தகமாக உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யைச் சொல்வேன். கோவில்பட்டிக்காரர், பழைய திருநெல்வேலி ஜில்லா என்றால் நம்மவர்தான். சிறுவர் இலக்கியத்துக்கு சாகித்ய அகாதெமி தருகிற பால சாகித்ய புரஸ்கார் விருதை 2023-ல் வாங்கிய நாவல் இது. இந்தக் காலத்துப் பையன் ஒருவன் கீழடியில் கிடைக்கும் பொம்மை ஒன்றின் வழியாகப் பழைய காலத்துக்குள் போய் அந்தக் காலத்துச் சிறுவன் ஆதனைச் சந்திக்கிறான். புத்தகம் சிறியது, ஒரு வாரத்தில் முடிந்துவிடும். முடித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போங்கள். திருச்செந்தூர் போகிற பாதைதான். முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே கண்ணாடி போட்டு வைத்திருக்கிறார்கள், மேலே நின்று குனிந்து பார்க்கலாம். பக்கத்தில் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு வயது 3,200 ஆண்டு என்று சோதனையில் தெரியவந்திருக்கிறது. கீழடிக் கதையைப் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அந்த நெல்லைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கேள்விதான்.

எனக்குப் பன்னிரண்டு வயது. காடு, மலை, ஆபத்து எல்லாம் உள்ள கதை வேண்டும். கடைசியில் நீதி சொல்கிற கதை வேண்டாம். – ஒரு மாணவன், களக்காடு

தம்பி, நீ கேட்டது ரொம்ப நியாயம். வீட்டுக்குப் பின்னால் புலிகள் காப்பகத்தையே வைத்துக்கொண்டு இருக்கிற உனக்குக் காட்டுக் கதை பிடிக்காமல் எப்படி இருக்கும்.

ஜெயமோகன் எழுதிய 'பனிமனிதன்' படி. தினமணியோடு வந்த சிறுவர்மணியில் தொடராக வந்தது, உன் வயதுப் பிள்ளைகளுக்காகவே எழுதியது. இமயமலையில் பனிமனிதன் இருக்கிறானா என்று தேடிப் போகிற பயணம். நடுநடுவே மனித இனம் எப்படி வந்தது, பௌத்தம் என்ன சொல்கிறது என்றெல்லாம் பேச்சு வரும். முதல் தடவை அது புரியாவிட்டால் தாண்டிப் போய்விடு, தப்பே இல்லை, இரண்டாவது தடவை அந்த இடங்கள்தான் உன்னைப் பிடித்து நிறுத்தும். பிடித்திருந்தால் அவருடைய 'வெள்ளி நிலம்' இருக்கிறது, அதுவும் இமயமலைதான்.

அப்புறம் இன்னொன்று, இது இமயமலைக்கெல்லாம் போகாது. இடைசெவல் கி. ராஜநாராயணன் எழுதிய 'பிஞ்சுகள்'. கரிசல் காட்டில் பறவைகளின் முட்டைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு சிறுவனின் கதை. பெரிய ஆபத்து எதுவும் வராது, ஆனாலும் கீழே வைக்க முடியாது, ஏனென்றால் எந்தக் குருவி எங்கே கூடு கட்டும், எது எப்படிக் கூப்பிடும் என்பதையெல்லாம் அவர் கூடவே நடந்து காட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போவார். பேச்சும் நம் பக்கத்துப் பேச்சு, அதனால் சென்னைப் பையன் அகராதி தேடுகிற இடத்தில் நீ சிரித்துக்கொண்டே போய்விடுவாய். ஒரே ஒரு விஷயம், முட்டை எடுக்கிற வேலையை மட்டும் அந்தப் பையனிடமிருந்து கற்றுக்கொள்ளாதே! நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளத்துக்காரர்கள், வருகிற பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். புத்தகத்தை முடித்துவிட்டு, பறவைகள் வருகிற மாதத்தில் ஒரு நடை அங்கே போய்விட்டு வா.

மகன் ஏழாம் வகுப்பு. படம் பார்த்ததிலிருந்து 'பொன்னியின் செல்வன்' வாங்கிக் கொடு என்று நச்சரிக்கிறான். இந்த வயதில் படிக்கலாமா? – ஒரு தகப்பனார், மேலப்பாளையம்

படிக்கலாம் அண்ணாச்சி, யோசிக்கவே வேண்டாம். பிள்ளையே கேட்டு வாங்குகிற புத்தகத்தை வயதைச் சொல்லித் தள்ளிப்போட்டால் திரும்பக் கேட்பானா என்பது சந்தேகம். ஆடிப்பெருக்கு அன்றைக்கு வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிற வந்தியத்தேவனோடு கதை தொடங்குகிறது. அவனும் ஏறத்தாழ ஒரு சின்னப் பையன் மாதிரிதான், வாயைத் திறந்தால் வம்பு, எங்கே போகக் கூடாதோ அங்கே போய் நிற்பான். அதனால்தான் பன்னிரண்டு வயதுக்காரர்களுக்கு அவனைச் சட்டென்று பிடித்துவிடுகிறது.

கஷ்டம் எங்கே வரும் என்றால் அளவில்தான். 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் கல்கி பத்திரிகையில் வந்த தொடர், ஐந்து பாகம். ஐந்தையும் ஒரே கட்டாகக் கண்முன் வைத்தால் மலைத்துப் போவான், முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள். வாரத் தொடர் என்பதால் அத்தியாயம் ஒவ்வொன்றும் ஒரு முடிச்சில் போய் நிற்கும், இரவு ஒன்று என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். யார் யாருக்கு என்ன உறவு என்பதில் குழம்பினால் ஒரு தாளில் வம்சாவளியை அவனையே எழுதச் சொல்லுங்கள். அவ்வளவு பெரியது இப்போது வேண்டாம் என்று தோன்றினால் அதே கல்கியின் 'பார்த்திபன் கனவு' இருக்கிறது, நாவலும் சின்னது, ஒரே மூச்சில் போகும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, பல பதிப்பகங்கள் மலிவு விலையிலும் போட்டிருக்கின்றன. ஆனால் விலை குறைவு என்று பொடி எழுத்துப் பதிப்பை வாங்கிவிடாதீர்கள், பிள்ளைகள் பாதியில் விடுவதற்கு எழுத்தின் அளவும் ஒரு காரணம்.

மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். – ஒரு வாசகி, திருநெல்வேலி டவுன்

'குட்டி இளவரசன்'. பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்தது, க்ரியா வெளியீடு. படங்களோடு இருக்கும், ஒன்பது வயதில் ஒரு கதையாகவும் பதின்மூன்றில் வேறு கதையாகவும் படும். நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள்.

பேத்திக்குப் பதினொரு வயது. 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' படிக்கச் சொல்லிப் பள்ளியில் கொடுத்திருக்கிறார்கள். அதில் வேண்டாத விஷயம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? – ஒரு பாட்டி, ஆழ்வார்குறிச்சி

ஆச்சி, உங்கள் பயம் புரிகிறது. யெஸ். பாலபாரதி எழுதிய இந்த நாவலுக்கு 2020-ல் பால சாகித்ய புரஸ்கார் கிடைத்தது. மரப்பாச்சிப் பொம்மை ஒரு சிறுமிக்குத் தோழியாகிப் பேசுகிறது. அந்தப் பேச்சின் ஊடே, பெரியவர் ஒருவர் தப்பான எண்ணத்தோடு தொட்டால் பிள்ளை என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது வருகிறது. பக்கத்து வீட்டில் சொன்ன 'வேண்டாத விஷயம்' இதுதான். பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்றுதான் நான் சொல்வேன்.

முதலில் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள், ஒரு மத்தியானப் பொழுது போதும். அப்புறம் பேத்தியோடு சேர்ந்து படியுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய மரப்பாச்சி கிடந்தால் எடுத்துத் துடைத்து அவள் கையில் கொடுங்கள். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரிடமும் சொல்ல வழியில்லாமல் இருந்தோம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு எது நடந்தாலும் அவள் முதலில் உங்களிடம்தான் ஓடி வருவாள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் நாற்பது பேர். நாற்பது பிரதி வாங்க வழியில்லை. எப்படித்தான் நாவல் படிக்க வைப்பது? – ஓர் ஆசிரியை, சேரன்மகாதேவி அருகில்

நான் படித்த பள்ளியில் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம் இருந்தது, சாவிதான் எங்கே என்று தெரியாது. ஐந்து வருஷம் அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டே அந்த வழியாகப் போய் வந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது பெரிய சந்தோஷம்.

ஒரு பிரதி போதும் டீச்சர். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் வந்திருக்கிறதே, திணறுகிற பிள்ளைகள் கையில் அவற்றைக் கொடுங்கள். அவை சின்னப் புத்தகங்கள், உடனே முடித்துவிட்டோம் என்ற தெம்பு வரும். நாவலை நீங்களே வாசியுங்கள். வாரத்தில் மூன்று நாள், கடைசிப் பாடவேளையில் கடைசி பத்து நிமிஷம். கேள்வி கேட்காதீர்கள், சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள், மதிப்பெண் என்ற பேச்சே வேண்டாம். பள்ளியில் புத்தகம் இல்லையென்றால் ஊர் நூலகத்தில் உங்கள் பெயரில் உறுப்பினராகி எடுத்து வரலாம்.

அதற்கு ஏற்ற புத்தகம் 'டோட்டோ சான்'. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. சொல்லப்போனால் நாவல் இல்லை, ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன் சிறுவயதை எழுதியது, ஆனால் கேட்கிற பிள்ளைக்கு நாவல் மாதிரிதான். ஜன்னலோரம் நின்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட சிறுமி. புதிதாகச் சேரும் பள்ளியில் ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. அங்கே தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாள் அவளை உட்காரவைத்து, உனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல் என்கிறார். அவள் நாலு மணி நேரம் பேசுகிறாள், அவர் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடாமல் கேட்கிறார். அத்தியாயங்கள் எல்லாம் குட்டி குட்டியானவை, பத்து நிமிஷத்தில் ஒன்று தாராளமாக முடியும், சில நாள் இரண்டு.

உங்களுக்கு மட்டும் இன்னொன்று. இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்கிற ஒரு மாணவியைப் பற்றி அவளுடைய அறிவியல் ஆசிரியை சொல்கிற குறுநாவல். முடிவு ரொம்பவே வலிக்கும், ஏழாம் வகுப்புக்கு வாசித்துக் காட்ட வேண்டாம், நீங்கள் படியுங்கள்.

'டோட்டோ சானை' இந்த வாரமே தொடங்கிவிடுங்கள். ரயில் பெட்டி வகுப்பறை வரும் இடத்தில் முதல் நாளை நிறுத்துங்கள். மறுநாள் யார் வந்து புத்தகத்தைக் கொஞ்சம் கொடுங்க டீச்சர் என்று கேட்டார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள், அந்தப் பிள்ளைக்கு அடுத்த புத்தகத்தை நான் அனுப்புகிறேன்.